வருவான் என்று சொன்னவன்

பெரியகல்லாற்றில் மேர்வினைத் தீர்க்கதரிசி என்றுதான் சொல்வார்கள். கிழமை நாட்களில் மோட்டார் சைக்கிள் திருத்துவான். ஞாயிற்றுக்கிழமை தகரக் கொட்டகைச் சபையில் எழுந்து நின்று கண்ணை மூடுவான். அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் நல்ல வார்த்தை. விசா வரும், பிள்ளை கிடைக்கும், வயலுக்கு மழை பெய்யும். பழைய தீர்க்கதரிசிகளின் பாடு வேறு. நகரம் அழியும் என்று வாய் திறந்து சொன்ன எரேமியாவைச் சேற்றுக் குழிக்குள் இறக்கினார்கள். எல்லாம் சுகம் என்று சொன்னவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. மேர்வின் அந்தச் சுகக் கூட்டத்தைச் சேர்ந்தவன். போகிற வீடெல்லாம் அவனுக்கு நண்டுக் கறி.

இத்தனைக்கும் இது ஒரு பொய்யில் தொடங்கிய பிழைப்பு. 2007இல் அவனையும் கூட்டாளி ஜொய்சனையும் ஆயுதக்காரர் சிலர் பிடித்து வாவிக்கு அக்கரையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் விடியற்காலை இருவரும் ஓடினார்கள். ஜொய்சனுக்கு முதுகில் வெடி பட்டது. மேர்வின் கரையோரக் கண்ணாமரப் பற்றைக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒளிந்து நின்றான். ஜொய்சன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பிறகு கூப்பிடாமல் விட்டது, கரையில் மண்வெட்டியால் குழி வெட்டிய சத்தம், எல்லாம் அவனுக்குக் கேட்டது. ஊருக்கு வந்து, தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றான்.

அடுத்த வருடம் ஜொய்சனின் தாய் றோசம்மா சபைத் தரையில் விழுந்து அழுதபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் எழும்பினான். பயத்தில் உடம்பெல்லாம் நடுங்கிற்று. ஆவி இறங்கிவிட்டது என்று சனம் கைதட்டத் தொடங்கியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, "ஆண்டவர் சொல்லுறார், ஜொய்சன் வருவான்" என்று சொல்லிவிட்டான். கோழை, வேறென்ன சொல்வது. றோசம்மா அன்றைக்கு வீட்டுக்குப் போய், பல நாளைக்குப் பிறகு சோறு தின்றாள். பதினேழு வருடமாக அவளை உயிரோடு வைத்திருப்பதும் அந்த ஒரு வார்த்தைதான்.

இந்த வருடம் அக்கரையில் வாய்க்கால் வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. காணாமல் போனவர்களின் தாய் தகப்பன் வெள்ளிக்கிழமைக்குள் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். பொருந்தினால் எலும்பைக் கையில் தருவார்கள். யாரும் கேட்டு வராதவை இலக்கம் போட்டுக் கொழும்புக்குப் போகும். றோசம்மாவுக்குப் புருசனும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. கிராம சேவகர் இரண்டு தரம் வந்து கெஞ்சிப் பார்த்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எலும்பு தேடினால் ஆண்டவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் மேர்வின் அவள் வீட்டுக்குப் போனான். ஓடியதிலிருந்து மண்வெட்டிச் சத்தம் வரை ஒன்றும் விடாமல் சொன்னான். தான் ஒளிந்து நின்றதையும் மறைக்கவில்லை. றோசம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"இது ஆண்டவர் சொல்லுறதா மனே, நீ சொல்லுறியா?"

ஆண்டவர்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அது அவனுக்குத் தெரியும். ஆனால் இனி அந்தப் பெயரை வைத்து ஒன்றும் பேசுவதில்லை என்று மூன்று நாள் உபவாசமிருந்து சத்தியம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். ஒருமுறையாவது சுத்தமாக இருக்க ஆசைப்பட்டான், பாவி. அந்தச் சுத்தத்தால் யாருக்கு என்ன லாபம் என்று யோசிக்கவில்லை.

"நான்தான் சொல்லுறன் மாமி. வெடி பட்டதைக் கண்ணால கண்டன், மிச்சத்தைக் காதால கேட்டன். அண்டைக்குச் சபையில சொன்னதும் நான்தான், ஆண்டவர் இல்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். போன உயிர் திரும்பிவந்தது முகத்தில் தெரிந்தது.

"நான் பயந்திட்டன் மனே, ஆண்டவர்தான் சொல்லுறாராக்கும் எண்டு."

அதற்குப் பிறகு அவன் காலில் விழுந்து கதறியும் பலனில்லை. உபவாச முடிவில் சாத்தான் இப்படித்தான் குழப்புவான் என்றாள். எலியாவே களைத்துப்போய், சாகவேண்டும் என்று செடி நிழலில் படுத்தவர்தானே, தேவதூதன் வந்து சாப்பாடு கொடுக்கவில்லையா என்று கேட்டாள். சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். "சாப்பிடு மனே. என்ட புள்ள வந்தா முதல்ல உன்னைத்தான் தேடுவான்" என்றாள். மேர்வின் சோற்றைத் தொடாமல் எழும்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை அவன் தனியே நீதிமன்றத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தான். எழுதிக்கொண்டார்கள். என்ன உறவு என்று கேட்டார்கள். இரத்த உறவில்லை என்றதும், தாயைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நாலு மணிக்குப் பெட்டிகளை லொறியில் ஏற்றினார்கள். மொத்தம் ஆறு பெட்டி, அதில் ஒன்று ஜொய்சன். எது என்று மேர்வினுக்கும் தெரியவில்லை. அந்த நேரம் றோசம்மா சபையில் முழங்காலில் நின்று, மேர்வினுக்குப் பழைய விசுவாசத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆண்டவரிடம் அழுதுகொண்டிருந்தாள்.