டாக்கெட் பேசாத ஒரு மணி நேரம்

சீட்டுக் குலுக்கியதில், வாய் ஓயாத வக்கீல் பர்ல் டாக்கெட்டுக்குக் குற்றவாளி வேஷம் விழுந்தது. நீதிமன்றக் கூடத்தில் இருந்த வக்கீல்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜூன் மாதம் முடிவதற்குள் அமெரிக்காவின் கென்டக்கி மாநில வக்கீல்கள் வருடாந்திரப் பாடத்தைக் கேட்டு முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் தொழிலுக்கே ஆபத்து. மற்ற வருடங்களில் அது கொட்டாவி விடுகிற சடங்கு. இந்த வருடம் பாடம் நடத்த வந்த இமோஜீன் ஹாஸ்கெல் சட்ட வரலாற்றில் ஊறியவர். 1874-இல் இதே கூடத்தில் நடந்த குதிரைத் திருட்டு வழக்கை நடித்தே பார்த்துவிடலாம் என்றார். பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"டாக்கெட், நீங்கதான் சைலஸ். குதிரையைத் திருடினதா உங்க மேல கேஸு. ஒரே ஒரு விதி. நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றார் இமோஜீன்.

"என்னது?"

"அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. மாட்டிக்கிட்டவன் எப்படியும் பொய்தான் சொல்வான்னு அவனைச் சாட்சி சொல்லவே விடமாட்டாங்க."

"இந்த ஊரே வேண்டிக்கிட்டது இன்னிக்குப் பலிச்சிருக்கு!" என்று கைதட்டினாள் லோரெட்டா ஸ்டாம்பர். அவள் அரசு வக்கீல். பர்லுக்கும் அவளுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். வரும் திங்கட்கிழமைகூட, வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்ததாகப் பிடிபட்ட டிராவிஸ் மல்லின்ஸின் வழக்கில் இருவரும் மோத வேண்டும். பர்ல்தான் டிராவிஸின் வக்கீல். ஆனால் இன்றைய சீட்டில் பர்லுக்காக வாதாடும் வேஷம் லோரெட்டாவுக்கு வந்திருந்தது.

நடந்த உண்மையை இமோஜீன் பர்லின் காதில் மட்டும் போட்டார். சைலஸ் திருடவில்லை. புகார் கொடுத்தவனே ஒரு பீப்பாய் விஸ்கியை வாங்கிக்கொண்டு சைலஸுக்குக் குதிரையை விற்றிருக்கிறான்.

நாடகம் களை கட்டியது. புகார்க்காரனாக நடித்தவர் மூக்கைச் சிந்தியபடி, "என் செல்லக் குதிரை! ராத்திரியோட ராத்திரியா ஓட்டிட்டுப் போயிட்டான்!" என்று புளுகித் தள்ளினார். பர்லுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடிப்புதானே என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. விஸ்கி, விஸ்கியைப் பற்றிக் கேளேன் என்று மனசுக்குள் கத்தினார். லோரெட்டாவின் கையைப் பிடித்து இழுத்தார், நாற்காலியைக் காலால் உதைத்தார்.

லோரெட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இரு. பேசத்தான் நான் இருக்கேனே" என்றாள்.

பர்லுக்குச் சுருக்கென்றது. நேற்றுச் சிறையில் டிராவிஸிடம் அவர் சொன்ன அதே வார்த்தைகள். "நானே கூண்டுல ஏறிச் சொல்லிடறேன் சார்" என்று அவன் கெஞ்சினான். முன்கோபக்காரன், ஏறினால் லோரெட்டா தோலை உரித்துவிடுவாள் என்று பயந்து இவர் ஒரே போடாய் மறுத்துவிட்டார். வக்கீல் புத்தி சொல்லலாம், ஏறுவதா வேண்டாமா என்பது கட்சிக்காரன் முடிவு. அது பர்லுக்குத் தெரியாததல்ல.

கூடம் கை தூக்கி ஓட்டுப் போட்டது. குற்றவாளி! நீதிபதி இடத்திலிருந்த இமோஜீன் கேட்டார்: "சைலஸ், தண்டனை சொல்றதுக்கு முன்னாடி நீ ஏதாவது சொல்லணுமா? இதைக் கேக்கறதும் அந்தக் காலத்துச் சட்டம்தான்."

டாக்கெட்டின் பிரசங்கத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்தார்.

"முடிவு பண்ணிட்டு அப்புறம் கேக்கறீங்களே, இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது?"

பிரமாதமான நடிப்பு என்று நினைத்துக் கூடமே கைதட்டியது. பர்ல் கோட்டை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"யோவ் பர்ல்! நெறிமுறைப் பாடம் இனிமேதான்! இப்பப் போனா கணக்குல வராது!" என்று கத்தினாள் லோரெட்டா.

"எனக்குப் பாடம் ஆயிடுச்சு!"

தெருவுக்கு அந்தப் பக்கம்தான் சிறை. அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்து வண்டிகள் நின்று வழிவிட்டன. மூச்சிரைக்க வந்து நின்ற வக்கீலைப் பார்த்து டிராவிஸ் பயந்துபோனான்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கூண்டுல ஏறணுமா வேணாமான்னு நீதான் சொல்லணும். எனக்குப் பயம் இருக்கு, லோரெட்டா உன்னைக் கிளறிக் கிளறிக் கோபப்படுத்துவா. அதைச் சொல்லிட்டேன். ஆனா நேத்து உனக்காக நான் முடிவு பண்ணினேன் பாரு, அது தப்பு."

"ஏறணும் சார்." அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பர்லுக்குச் சந்தோஷம் பொங்கியது. பயமும் கூடவே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "சரி, அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு."

டிராவிஸ் நம்பாமல் கேட்டான்: "முழுசாவா சார்? நீங்க ஒரு தடவைகூட முழுசாக் கேட்டதில்லையே?"

பதில் சொல்லத் திறந்த வாயை பர்ல் டாக்கெட் மூடிக்கொண்டார். டிராவிஸ் சொல்ல ஆரம்பித்தான்.