கிளைவின் ஐஸ்பெட்டி

அரிசிக் கண்டெய்னர் வந்த நாளில் கிடங்கில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பொன்னி, சோனா மசூரி, இட்லி அரிசி என்று மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்தால் தூசிதான் உள்ளே போகும். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நஞ்சுண்டன் மளிகைக்குப் பின்னாலிருந்த அந்தக் கிடங்கில் ஆளுக்கொரு மூட்டை தூக்கினார்கள். கிளைவ் மட்டும் தோளுக்கொன்று தூக்கினார்.

கிளைவ் ஆஸ்திரேலியாக்காரர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் வந்து நம் ஊர்ச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனதாகத் திருமூர்த்தி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். இவர் இறக்கி வைப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவே அவனுக்குப் பட்டது.

திருமூர்த்தி கோபிச்செட்டிபாளையத்துக்காரன். மனைவி கண்மணிக்கு மருந்து கம்பெனியில் வேலை. அவன் கடையில் வேன் ஓட்டினான், கூட்டம் வந்தால் கல்லாவிலும் நின்றான். மத்தியானம் அவனும் கிளைவும் மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிளைவின் சாப்பாடு ஒரு பெரிய நீல ஐஸ்பெட்டியில் வரும். மூடியில் கொம்பு வைத்த காளைமாடு.

"என் கிளப். பதின்மூன்று வருஷம் ரக்பி லீக் ஆடினேன். போகும்போது இதைக் கொடுத்தார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"வேற?"

"கைதட்டினார்கள்."

ஒருநாள் போனில் பழைய ஆட்டத்தைக் காட்டினார். பந்தை நெஞ்சில் அணைத்தபடி ஓர் இளைஞன், எதிரே நின்ற மூன்று தடியர்களைப் பார்த்து நேராக ஓடினான். விலகவில்லை, வளையவில்லை. மோதிய சத்தத்தில் கேமரா ஆடியது. நால்வரும் விழுந்தார்கள். அவன் எழுந்தான், பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டிவிட்டான், மறுபடி ஓடுவதற்குப் போய் நின்றான். திருமூர்த்தி வாயிலிருந்த தயிர்சோற்றை விழுங்க மறந்தான். கல்லூரியில் கபடி ஆடியவன்தான். ஆனாலும் ஒரு மனிதன் இப்படிச் சுவரை நோக்கி ஓடி அவன் பார்த்ததில்லை.

"இதான் வேலையா?"

"இதான் வேலை. முன்வரிசையில் ஆடுகிறவனுக்கு வேறு வேலை கிடையாது."

அந்த வேலையில் போனது வலது முழங்கால். சாயங்காலமானால் வீங்கிவிடும். ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸுக்கு வேலை ஃபுல்-டைம் ஆக வேண்டும். கிளைவ் பார்ட்-டைம். ஃபுல்-டைம்காரர்களைவிட அதிகம் தூக்கும் பார்ட்-டைம்.

தமிழ்ச் சங்கத்துக் கோடை விழா வந்தது. கபடிக் கோப்பையை ஜெர்சி சிட்டி டீம் வருஷாவருஷம் தூக்கிக்கொண்டு போனது. வங்கிகளுக்கு ஐ.டி. வேலை பார்க்கும் பையன்கள்; ஜிம் உடம்பு, கையில் புரோட்டீன் பாட்டில். கடை முதலாளி நஞ்சுண்டன் கிளைவின் தோளைத் தட்டிப் பார்த்தார், பலாப்பழத்தைத் தட்டுவதுபோல.

"திரு, நம்ம கடை டீமுல இவரை எறக்கிரலாமா?"

"முட்டி சரியில்லைங்ணா."

"கப்பு மட்டும் வரட்டும். ஃபுல்-டைம் போட்டுடறேன். இன்சூரன்ஸ், ஆபரேஷன் எல்லாம் ஆயிரும். என்ர வாக்கு."

திருமூர்த்தி மொழிபெயர்த்தான். கிளைவ் காலைப் பார்த்தார், நஞ்சுண்டனைப் பார்த்தார், தலையாட்டினார்.

முதல் ஆட்டத்தில் கிளைவ் பாடிக்கொண்டு போனார். எதிரணியில் இரண்டு பேர் காலை வாரினார்கள். விழுந்தவர் மரியாதையாக எழுந்தார். இல்லாத பந்தைப் புல்லில் வைத்து, காலால் பின்னே உருட்டிவிட்டு, ஒதுங்கி நின்றார். சங்கத்துத் தலைவரே சிரித்துவிட்டார். மற்றவர்கள் ஆடித்தான் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

"விழுந்தா எந்திரிக்கக் கூடாதுங்க. தவழ்ந்தாச்சும் நடுக்கோட்டைத் தொடோணும்" என்று தமிழில் கெஞ்சிய திருமூர்த்தி, அதையே ஆங்கிலத்திலும் கெஞ்சினான்.

"எழுந்துகொள்ளாமல் எப்படி இருப்பது?" கிளைவ் உண்மையாகவே கேட்டார். "பதின்மூன்று வருஷம், மேட். கால் தானாக எழுகிறது."

திருமூர்த்தி யோசித்தான். "அப்போ விழாதீங்க."

இறுதி ஆட்டத்தில் நஞ்சுண்டன் அணி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசிப் பாட்டு கிளைவுடையது. "கபாடி, கபாடி" என்று பிரார்த்தனைபோல முணுமுணுத்தபடி உள்ளே போனார். ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். இருவர் இடுப்பில் தொங்கினார்கள். நான்காமவன் முதுகில் ஏறினான். கிளைவ் திரும்பி, நடந்தார். ஓடவில்லை, நடந்தார். நான்கு சாஃப்ட்வேர் என்ஜினியர்கள் உடம்பில் தொங்க, மாட்டுவண்டி மேடேறுவதுபோல ஒவ்வோர் அடியாக. மூச்சு ஒரே இழையாக வந்துகொண்டிருந்தது. பொங்கல் வடையோடு நின்ற கூட்டத்தில் ஒரு தட்டுக்கூடச் சத்தம் போடவில்லை. திருமூர்த்திக்குக் கண் கலங்கியது, ஏனென்று தெரியவில்லை.

கோட்டுக்கு ஓர் அடி முன்னால் கரும்பு ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கிளைவ் கோட்டின்மேல் விழுந்தார். கை அந்தப் பக்கம் இருந்தது.

எல்லாரும் கோப்பையை நோக்கி ஓடினார்கள். கிளைவ் எழப் பார்த்தார். கால் எழவில்லை.

மறுவாரம் திருமூர்த்தி, கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டே விட்டான்.

"பாவந்தான்" என்றார் நஞ்சுண்டன். "மூட்டை தூக்க முடியாத ஆளை ஃபுல்-டைம் எப்படிப் போடறது, நீயே சொல்லு. கம்பெனி ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதல்லோ?"

"நம்ம கம்பெனிதானுங்களேண்ணா."

"அதனாலதான் நானே மீறக் கூடாது."

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். கல்லாவுக்கு மேலே கோப்பை இருந்தது. அதன் பக்கத்தில் ஆளுயரப் படம். நான்கு பேரைச் சுமந்துகொண்டு கிளைவ், மார்பில் கடையின் பெயர்.

"யாருங்க இது? சிலையாட்டம் இருக்காரு" என்று கேட்டாள் முருங்கைக்காய் வாங்க வந்த ஓர் அம்மா.

"நம்ம கடை ஆளுங்க" என்றார் நஞ்சுண்டன்.

திருமூர்த்தி பில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தான். வரிசையின் கடைசியில் நீல ஐஸ்பெட்டிமேல் கிளைவ் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் உறைந்த பட்டாணிப் பாக்கெட். காசு கொடுக்குமுன்பே அது இளகத் தொடங்கியிருந்தது. வரிசை நகர்ந்தது. கிளைவ் அலமாரியைப் பிடித்து எழுந்தார், பெட்டியை நல்ல காலால் முன்னே தள்ளினார், மறுபடி உட்கார்ந்தார். வரிசை நகர்ந்தது. எழுந்தார், காலால் தள்ளினார், உட்கார்ந்தார்.