சொங் அன்ரி வீட்டுப் புதுவருசம்

சிவகாமி மறுபடியும் முகத்தைக் கழுவிவிட்டுக் குங்குமச் சிமிழைத் திறந்தாள். பொட்டு ஒரு புருவத்தின் பக்கம் இழுபட்டுப் போனது. துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

குளியலறை வாசலில் இராசமணி நின்றாள். சிவகாமியின் கணவன் தில்லைநாதனின் தமக்கை. செய்தி கேட்டதும் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியிலிருந்து விழுந்தடித்து வந்தவள், குளிர்ச்சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“உனக்கென்ன விசரே சிவகாமி? அவன் ஆஸ்பத்திரியிலை விறைச்சுப்போய்க் கிடக்கிறான். நீ நிண்டு பொட்டு வைக்கிறாய்.”

“ஆரணி எடுக்கப்போறாள் மச்சாள். வீடியோவிலைதான் எடுப்பாள். வெறும் நெத்தியைக் கண்டால் அவளுக்கு விளங்கிப்போம்.”

இராசமணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத வாய் அது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு வாயை மூடவே தம்பி சாகவேண்டியிருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

காலையில் நடந்ததைச் சிவகாமி இன்னும் நம்பத் தொடங்கவில்லை. மகள் ஆரணி சீனாவிலிருந்து எடுப்பாள் என்று தில்லைநாதன் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தார். லீவு போட்ட மனிதர் போர்வைக்குள் கிடந்திருக்கலாம். இல்லை, மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடவேண்டும் என்று எழும்பி, காரின்மேல் கிடந்த பனியைத் தட்டக் கீழே இறங்கினார். மேலே அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடி, ஒரு காரைத் தட்ட இந்த மனுசனுக்கு எவ்வளவு நேரம் என்று திட்டிக்கொண்டிருந்தாள். கீழ்மாடிக்காரர் வந்து மணி அடித்தபோதும் திட்டிக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். அம்புலன்ஸ்காரர்கள் பனியில் முழங்காலூன்றி, காருக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவரின் நெஞ்சை வெகுநேரம் அமத்திப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன் எழும்பி, கையுறையைக் கழற்றிவிட்டு அவளுடைய கையைப் பிடித்தான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆரணிக்கு இப்போது சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். நாளைக்கு ஒரு விமானத்தைப் பிடித்து வரச் சொல்லுவோம், அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்போம், கார்டமூன் விமான நிலையத்தில் இறங்கியதும் கட்டிப்பிடித்துச் சொல்லுவோம். எங்கள் சனத்துக்கு இது புதிய வழக்கம் ஒன்றுமில்லை. லண்டனிலும் டொரொண்டோவிலும் எத்தனை பேர் ‘கொஞ்சம் சுகமில்லை’யை நம்பி விமானம் ஏறி, செத்தவீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

மகன் துஷாந்துக்கு இது பிடிக்கவில்லை. அவன் சோபா நுனியில் இருந்துகொண்டு, சிவந்த கண்ணால் தாயைப் பார்த்தான்.

“அம்மா, அவளும் அவரின்ரை பிள்ளைதான். இஞ்சை செத்தவீட்டுக்கு எப்பிடியும் ஒரு கிழமைக்கு மேலை எடுக்கும். எரிக்க முந்தி வந்திடுவாள். பிறகேன் ஒளிக்கிறியள்?”

“தனிய நிக்கிறாள் தம்பி.”

“தனிய எங்கை? சொங் குடும்பத்தோடை நிக்கிறாள்.”

“அவை ஆர் எங்களுக்கு?”

ஆரணி ஒஸ்லோவில் சீனமொழி படிக்கிறவள். ஒரு வருடம் அங்கேயே போய்ப் படிப்பது என்று சீனாவின் செங்டு நகரத்துக்குப் போயிருந்தாள். சீனப் புதுவருட விடுமுறைக்கு மாணவர் விடுதியை மூடிவிட, வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு குடும்பம் அவளைத் தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனது. அந்த வீட்டு அம்மாவுக்குப் பெயர் சொங். ஆரணி சொங் அன்ரி என்பாள். அன்ரி சமைச்சவ, அன்ரி குடை வாங்கித் தந்தவ, அன்ரி ஏசினவ என்று இரண்டு கிழமையாக அன்ரிப் புராணம்தான். கேட்கக் கேட்கச் சிவகாமிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன எரிச்சலும் இருந்தது.

ஆனால் எரிச்சல் அல்ல அவளைத் தடுத்தது. ஆரணியின் வயதில் சிவகாமி நோர்வேயின் வடக்கே ஓர் அகதி முகாமில் இருந்தாள். அங்கே நடையோரத்தில் ஒரே ஒரு தொலைபேசி. ஒருநாள் அதில்தான் அவளுடைய தகப்பன் போன செய்தி வந்தது. அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றாள். பின்னால் வரிசையில் நின்ற எந்த நாட்டுக்காரனோ, அவள் பேசவில்லை என்று கண்டு தோளில் தட்டினான். அவனுடைய முறை. அவள் விலகி வழிவிட்டாள். அன்றைக்கு அவளைத் தொட்ட ஒரே கை அதுதான். இதை அவள் தில்லைநாதனைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. தன் பிள்ளை அப்படிக் கேட்கக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அழைப்பு வந்தது. இங்கே மதியம், அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

துஷாந்த் கைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தான். தன் முகம் படத்தில் விழாதபடி அதற்குப் பின்னால் நின்றுகொண்டான்.

“அம்மா, நல்லாத் தெரியுதோ? பட்டுச்சீலை என்ன? எனக்காகவோ?” சிவப்புச் சட்டையும் சிரிப்புமாய் ஆரணி திரையை நிறைத்தாள்.

“ஓம் பிள்ளை. உன்ரை ஆக்கள் பாப்பினமெண்டு.”

“இஞ்சை பாருங்கோ மேசையை.”

படம் ஆடி ஆடி நகர்ந்தது. தலையும் வாலுமாக ஒரு முழு மீன், மினுங்கும் இறைச்சித் துண்டுகள், புகையில் வாட்டிய பன்றி இறைச்சி, ஆவி பறக்கும் சட்டிகள். மேசைத் தலையில் சிவந்த முகத்தோடு சொங் அங்கிள். பக்கத்தில் அவருடைய அண்ணன் குடும்பம். ஒரு மூலையில் தொலைக்காட்சி ஆட்டமும் பாட்டுமாக ஓடியது. கட்டை முடி வெட்டிய ஒரு பெண் கரண்டியோடு எழும்பிக் குனிந்து வணங்கினாள். அவள்தான் சொங் அன்ரி. சிவகாமியும் கைகூப்பினாள்.

“அம்மா, ஒரு விசயம். இண்டைக்கு இவையள் கூடாத சொல் ஒண்டும் கதைக்கமாட்டினம். வருத்தம், சாவு ஒண்டும் வாயிலை வரக்கூடாது. வந்தால் வருசம் முழுக்கத் தரித்திரமாம். நான் மத்தியானம் ஒரு கோப்பையைப் போட்டு உடைச்சிட்டன். அன்ரி ஓடிவந்து ஏதோ நல்ல வார்த்தை சொல்லிச் சமாளிச்சவ.”

“எங்கடை சனமும் அப்பிடித்தானே.” சிவகாமி சிரித்தாள். சிரிப்பு வந்ததே என்று அவளுக்கே அதிசயமாக இருந்தது.

“இதைப் பாருங்கோ. இது முக்கியம்.”

ஆரணிக்குப் பக்கத்தில் மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன. மூன்றுக்கும் முன்னால் கோப்பை, கோப்பையில் சோறு, பக்கத்தில் ஒழுங்காக வைத்த குச்சிகள். ஒரு கோப்பைக்கு முன்னால் மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஏதோ மது.

“வரேலாமல் தூரத்திலை இருக்கிற சொந்தக்காரருக்கும் இடம் வைக்கிறது இவையின்ரை வழக்கம். இது உங்களுக்கு. இது அண்ணாவுக்கு. இது அப்பாவுக்கு. அவர் கொஞ்சம் எடுப்பாரெண்டு நான் சொல்லிப்போட்டன். அங்கிள் அவருக்கும் ஊத்தி வச்சிருக்கிறார்.”

சிவகாமி அந்தக் கோப்பையைப் பார்த்தாள். சோற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வராதவருக்குச் சோறு போட்டு வைப்பதற்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது. அது செத்த எட்டாம் நாள் செய்வது.

“சரி, அப்பாவைக் கூப்பிடுங்கோ. அங்கிள் அவருக்கு வாழ்த்துச் சொல்லிப்போட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவாராம். எல்லாரும் பசியோடை இருக்கினம்.”

“அப்பா வேலைக்குப் போட்டார் பிள்ளை.”

“லீவு எடுத்தவரெல்லோ. நேற்றுத்தான் எனக்குச் சொன்னவர். சீனத்திலை வாழ்த்துச் சொல்லப்போறன் எண்டு பாடமாக்கிக்கொண்டு திரிஞ்சவர்.”

பொய்யையும் பழக்கம் இருந்தால்தான் சொல்லலாம். “திடீரெண்டு கூப்பிட்டவை” என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

“வேலையாலை வந்து நித்திரை கொள்ளுறார்.”

“இப்ப வேலைக்குப் போட்டார் எண்டியள்.”

“கொஞ்சம் காய்ச்சல் குணம். படுத்திருக்கிறார்.”

ஆரணியின் சிரிப்பு கண்ணிலிருந்து முதலில் போனது, பிறகு வாயிலிருந்து. “அப்ப படுத்திருக்கிறவரைக் காட்டுங்கோ. எழுப்பவேண்டாம். முகத்தை மட்டும் காட்டுங்கோ.”

“பிறகு காட்டுறன். நீங்கள் சாப்பிடுங்கோ.”

“அண்ணா எங்கை? ஆர் போனைப் பிடிச்சிருக்கிறது?”

படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. துணியால் அடைத்த வாயிலிருந்து மிஞ்சி வந்த சத்தம். சிறியதுதான்; ஆனால் கடல் தாண்டிக் கேட்கப் போதுமானது.

“அது ஆர்? இராசமணி மாமியோ? மாமி ஏன் இண்டைக்கு அங்கை வந்தவ?”

திரையின் ஓரத்தில் சொங் அங்கிள் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி எழும்பி நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் புன்னகையை அப்படியே வைத்திருந்தார். அவருடைய அண்ணன் வீட்டார் குச்சிகளைத் தொடாமல் இருந்தார்கள். அந்த மேசை முழுவதும் ஒரு செத்த மனிதருக்காகக் காத்திருந்தது. போனை வெட்டிவிடு என்று சிவகாமி துஷாந்துக்குக் கண் காட்டினால் போதும், லைன் சரியில்லை என்று பிறகு ஒரு பொய். ஆனால் வெட்டினால் ஆரணி அந்த நிமிடமே தமையனுக்கு எடுப்பாள், அவன் எடுக்காவிட்டால் முகநூலில் தேடுவாள். அங்கே எந்த வேலையற்றவனோ இதற்குள் தில்லைநாதனின் படத்தைப் போட்டு விளக்குக் கொளுத்தியிருப்பான். கெட்ட செய்தி ஒருவரையும் கேட்டு நடப்பதில்லை. அப்போது அவள் எங்கே நிற்பாள்? ஓர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கையில் வெளிச்சமான ஒரு துண்டுக் கண்ணாடியோடு.

சொங் அன்ரி கரண்டியை வைத்தாள். அவள் ஆரணியைப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த சிவகாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நெடுநேரமாக. பட்டுச்சீலையும் பொட்டும் மகளை ஏமாற்றியிருக்கலாம். ஒரு வீட்டை நடத்துகிற இன்னொரு பெண்ணை ஏமாற்றவில்லை. அவள் கதிரைகளைச் சுற்றிக்கொண்டு வந்து ஆரணியின் பின்னால் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஈரக்கையை உடுப்பில் துடைத்துவிட்டு, பிள்ளையின் தோளில் வைத்தாள்.

சிவகாமி அந்தக் கையைப் பார்த்தாள். தடித்த விரல்கள், வெட்டுக்காயம் ஒன்று, மாவு ஒட்டிய நகங்கள். இன்றைக்கு அந்த மேசையில் வரக்கூடாத சொல் வரப்போகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வந்து நிற்கிறாள். அவை ஆர் எங்களுக்கு என்று சற்றுமுன் கேட்டதை நினைக்கச் சிவகாமிக்கு வெட்கமாக இருந்தது.

“பிள்ளை.”

“என்ன அம்மா?”

“அன்ரி உனக்குப் பின்னாலை நிக்கிறாவெல்லோ?”

“ஓம். ஏன்?”

“அவவின்ரை கையைப் பிடி.”

“அம்மா, என்னெண்டு சொல்லுங்கோ.”

“முதல் பிடி. பிடிச்சிட்டியோ?”

ஆரணி தோளுக்கு மேலால் கையைத் தூக்கிப் பிடித்தாள். அவளுடைய உதடு ஏற்கெனவே கோணத் தொடங்கியிருந்தது. “பிடிச்சிட்டன்.”

“அப்பா இல்லைப் பிள்ளை. காலமை... காருக்குப் பக்கத்திலை. ஒரு வருத்தமும் அனுபவிக்கேல்லை. அப்பிடியே போட்டார்.”

படம் சுழன்றது. பிறகு திரையில் ஒரு கூரை மட்டும் தெரிந்தது. வெள்ளை அடித்த, மூலையில் கொஞ்சம் ஈரம் ஊறிய கூரை. கதிரை சரியும் சத்தம் கேட்டது. ஆரணியின் குரல் கேட்டது, சொல் இல்லாமல். அதற்கு மேலால் இன்னொரு குரல், தாழ்ந்து, விடாமல், ஒரே மாதிரியாக எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. யாரோ எழும்பிப் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். வெளியே ஊர் முழுக்க வெடி வெடித்துக்கொண்டிருந்தது இப்போதுதான் கேட்டது.

துஷாந்த் கைபேசியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். படுக்கையறைக் கதவு திறந்தது. இனி அடக்கத் தேவையில்லை என்று இராசமணிக்கும் தெரிந்துவிட்டது. என்ரை தம்பி, என்ரை தம்பி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். சிவகாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சொங் அன்ரியின் முகம் கூரையை மறைத்துக்கொண்டு குனிந்தது. அவளுடைய கண்ணும் நனைந்திருந்தது. அவள் தன் மொழியில் ஏதோ கேட்டாள்.

“அவள் காலமையிலை இருந்து ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டாள்,” என்று சிவகாமி சொன்னாள். “இரவுச் சாப்பாட்டுக்கெண்டு வயித்தைக் காயப்போட்டிருப்பாள், அவளின்ரை குணம் எனக்குத் தெரியும். ரெண்டு வாயெண்டாலும் குடுங்கோ. தனிய படுக்க விடாதேங்கோ.”

சொங் அன்ரி கவனமாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள். கைபேசியை எடுத்து எதன்மேலோ சாத்தி நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். இப்போது ஆரணி தெரிந்தாள், முழுவதும் இல்லை, சொங் அன்ரியின் மடியில் கவிழ்ந்த தலையும் குலுங்கும் முதுகும் மட்டும்.

வாசல் மணி அடித்தது. செய்தி பரவி, அயலிலுள்ள ஸ்டோவ்னர்த் தமிழ்ச் சனம் வரத் தொடங்கிவிட்டது. கைபேசியில் பற்றரி சிவப்பாகிக் கிடந்தது.

“தம்பி, சார்ஜரைக் கொண்டா.”

துஷாந்த் கொண்டுவந்து, யன்னலுக்குக் கீழே இருந்த மின்துளையில் செருகிக் கொடுத்தான். சிவகாமி சோபாவை விட்டிறங்கி நிலத்தில் சுவரோடு ஒட்டி இருந்தாள். உள்ளே வந்த பெண்கள், பட்டுச்சீலையோடு அவள் வெறுந்தரையில் சுருண்டிருந்த கோலத்தைக் கண்டு ஓவென்று அழுதபடி ஓடிவந்தார்கள். சார்ஜர் வயர் அவ்வளவு தூரந்தான் எட்டியது.