ஜிப்காரர் அனுப்பிய அழைப்பு

தையல் சாமான் வியாபாரிகள் நாற்பது பேருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் குழு. நடத்துபவர் பட்டன்கடை அக்கா. ஒருவர் குழுவுக்கு எழுதினால், அவர் பெயரிலேயே எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்த ஜிப்காரர், வரும் வியாழனன்று கடையை மறுபடி திறப்பதாகக் குழுவுக்கு எழுதினார். பதிலும் வரவில்லை, அன்றைக்கு ஆளும் வரவில்லை. பேரத்திலேயே வளர்ந்த மனுஷனுக்கு, எதிராளி வாய் திறக்கவில்லை என்றால் 'வேண்டாம்' என்றுதான் கணக்கு.

மறுநாள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அக்கா, ஷட்டர் ஏறியிருப்பதைப் பார்த்து நின்றாள்.

"என்னண்ணே, திறந்தாச்சா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நடிக்காதே தங்கச்சி. அத்தனை பேருக்கும் எழுதினேன். நான் போய்ச் சேர்ந்துட்டேன்னே முடிவு கட்டிட்டீங்க. என் பேரைக் குழுவுலேர்ந்து எடுத்துடு."

அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன வாரம் 'சேர்க்க முடியவில்லை' என்று கொத்தாக வந்த இயந்திரக் கடிதங்களைக் குப்பை என்று அவளேதான் அழித்திருந்தாள். போனில் தோண்டிப் பார்த்தாள். அத்தனையும் திரும்பி வந்த அவர் அழைப்பு.

கல்லாவில் இருந்த மருமகன் தலையைச் சொறிந்தான். "மாமா பேர்ல எவனோ பொய் மெயில் அனுப்பினான்க்கா. அவர் பேர்ல எங்க சர்வர்லேர்ந்து வராததை யாரும் வாங்காதீங்கன்னு போன மாசம் செட்டிங் போட்டேன்."

"என் குழு உங்க மாமா பேரைப் போட்டுக்கிட்டு வேற சர்வர்லேர்ந்துல்ல அனுப்புது! தலைப்புல குழு பேரை ஒட்டுறதுல, அசல் மெயில்தான்னு உங்க சர்வர் வைக்கிற முத்திரையும் உடைஞ்சுபோகும். என்னையும் திருடின்னு விரட்டியிருக்கு உங்க செட்டிங், மாப்பிள்ளை."

"செட்டிங்கை எடுத்துடட்டுமா?"

"வேண்டாம், திருடன் இன்னும் ஊர்லதான் இருக்கான். நான் மாத்துறேன்."

அங்கேயே நின்று மாற்றினாள். இனி அவர் எழுதுவது குழுவின் முகவரியிலிருந்தே போகும், 'ஜிப்காரர், குழு வழியாக' என்று. பதில் மட்டும் நேரே அவருக்கு.

"மறுபடி எழுதுங்கண்ணே. நாளைக்குத் திறப்பு."

"நேத்தே திறந்தாச்சே?"

"நேத்து ஒத்திகை."

முனகிக்கொண்டே எழுதினார். ஐந்து நிமிடத்தில் எதிர்க்கடை நூல்காரரிடமிருந்து பதில்: 'உயிரோடதான் இருக்கீரா? நாளைக்கு வர்றேன். பழைய சரக்கை என் தலையில கட்டலாம்னு பார்க்காதீர்.'

ஜிப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். எட்டிப் பார்த்த அக்காவுக்குத் தெரியாதபடி போனைத் திருப்பிக்கொண்டார்.

"போ தங்கச்சி. இது எனக்கும் அவனுக்கும்."