ஒரே வாளி

அந்தத் தெருவில் சோப்பு அக்கா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் என்று பேச்சு. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது. பழைய பேட்டரி பிரித்துச் சரிசெய்யும் கணவரின் சட்டையையும் நாலு வயது மகளின் கவுனையும் ஒரே வாளியில் ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, பளிச்சென்று கொடியில் போடுவாள்.

பள்ளிக்கூடமும் சுகாதார நிலையமும் சேர்ந்து பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்தன. "என் பொண்ணு எதுலயும் ஃபர்ஸ்ட்" என்று பேட்டரிக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். ஃபர்ஸ்ட்தான் வந்தாள். ஈய அளவு பதினெட்டு. ஐந்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும், விட்டால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் என்றாள் நர்ஸ். சோப்பு அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

கடை எங்கோ இருக்க, வீட்டுக்குள் எப்படி வந்தது? வீட்டைச் சுற்றிப் பார்த்த நர்ஸின் கண் வாளியில் போய் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் சட்டையோடு வருகிறது. அந்தத் தண்ணீரிலேயே பிள்ளையின் துணியும் ஊறுகிறது. போதாததற்கு, அப்பாவைக் கண்டதும் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். நர்ஸ் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சோப்பு அக்காவுக்கு.

அன்று முதல் பேட்டரிக்காரர் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு, "கிட்ட வராதடா கண்ணு" என்பார். பிள்ளைக்கு உதடு பிதுங்கும்.

பள்ளியில் கூட்டம் போட்டார்கள். ஆறு பேட்டரிக் கடைக்கும் பின்கட்டு ஒன்றுதான். ஆறு பேரும் ஒத்துக்கொண்டால், குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக அங்கே குளியலறை கட்ட இடம் தருவதாகக் கடைச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். ரோட்டுத் தூசி, குழாய்த் தண்ணீர், பக்கத்துக் கடை. சோப்பு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"அதிக நம்பர் எங்க வீட்டுலதான். அவர் சட்டையையும் பிள்ளை துணியையும் ஒரே வாளியில ஊறவெச்சவ நான். என் வீடே இப்படின்னா, உங்க வீட்டை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க."

அடுத்து எழுந்தவர் அவள் கணவர்தான். சுவர் எழுப்பும் வேலை தன்னுடையது என்றார். பிறகு மற்ற ஐவரும் தலையாட்டினார்கள். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பிளம்பர் ஒருவர் குழாய் போட்டார். தலைமையாசிரியர் பழைய கதவொன்று கொடுத்தார். அதன் பெயின்டிலும் ஈயம் இருக்கிறது என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாள். பாவம், மனிதர் அசடு வழிந்தார். வேலைச் சட்டை இனி கடையைத் தாண்டாது என்று முடிவானது.

நாலு மாதம் கழித்து மறுபடி சோதனை. ஒன்பது. இன்னும் இறங்க வேண்டும், ஆனால் சரியாகப் பாதி. தெருவிலே ஒரு பிள்ளைக்குக்கூட ஏறவில்லை. அடுத்த தெருக் கடைக்காரர்கள் வந்து பேசச் சொல்லி சோப்பு அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த வாளியையும் எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பேட்டரிக்காரர் ஈரத் தலையோடு, மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குளிச்சியா?"

"குளிச்சிட்டேன்."

"சட்டை மாத்தினியா?"

"மாத்திட்டேன்டா."

குனியச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். பிறகு தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொடியில் குட்டிக் கவுன்கள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. சோப்பு அக்கா அவற்றைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். தரையைப் பற்றி நாலு பேர் புகழ்ந்தபோதெல்லாம் வராத பெருமை அப்போது வந்தது.