மூன்று ஐம்பதுக்கு வரும் பேருந்து

1.

இந்தக் கதை பிறந்தது என் சோம்பலில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணியில் இருந்தேன். பள்ளிப் பேருந்து எப்போது வரும் என்று பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் செயலி. அது சரியாக ஓடுகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் ஒரு சோதனை நிரல் எழுதினேன். சோதனைக்குக் கைப்பேசி எண் ஒன்று தேவைப்பட்டது. வாய்க்கு வந்ததைப் போட்டேன். செய்தி வெளியே போகாதபடி அடைத்திருக்க வேண்டும், அடைக்கவில்லை. பிறகு வேலையை விட்டுவிட்டேன். சோதனை என்னைப் போல இல்லை, தினமும் பிற்பகல் மூன்று ஐம்பதுக்குத் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

(ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செயலியில் செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக வெளியிடுவோம். அடுத்த ஒரு மாதம் இரவெல்லாம் ஓட்டை அடைப்போம். அவ்வளவுதான். சோகம் வேண்டுமென்றால் வேறு கதை பாருங்கள்.)

2.

முதல் தொடக்கம்: 'கைப்பேசி சிணுங்கியபோது தையல்காரரின் கண்களில் ஒரு'

நிறுத்திவிட்டேன். நான் வாய்க்கு வந்தபடி போட்ட எண் ஒரு தையல்காரருடையது; அவர் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: 'தையல்காரருக்கு எட்டு வயதில் ஒரு மகள். தினமும் நான்கு மணிக்குத் தெருமுனையில் அவள்'

இதை நேற்று மாலை அக்காவிடம் காட்டினேன். அக்கா அதே நிறுவனத்தில் இன்னும் இருக்கிறாள்; சோதனைக் குழுவுக்குத் தலைவி. கொஞ்சம் எழுது, உடனே காட்டு, திருத்து என்பது அவள் கொள்கை. மென்பொருளுக்கும் அதுதான், தம்பிக்கும் அதுதான்.

"மக எங்கடா வந்தா?"

"கதைக்கு வேணும்க்கா. படிக்கிறவங்க உருகணும்ல."

"அந்த மனுஷனுக்குக் கல்யாணமே ஆகலை. இல்லாத பொண்ணை பஸ்ல ஏத்தாத."

"ஏத்தி மூணு வருஷம் ஆச்சேக்கா."

சிரித்துவிட்டாள். ஆனாலும் மகளை நீக்கினேன்.

3.

என்ன நடந்தது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் குழு இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வெளியிடுகிறது. எழுதியதை எழுதிய அன்றே சோதிக்கிறார்கள். காலையில் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசுகிறார்கள். கால் வலிப்பதால் யாரும் அளப்பதில்லை. மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. குழு அவருக்கு வைத்திருக்கும் பெயர் அரையாண்டு. "ரெண்டு மாசம் தர்றேன். வெளியிலேர்ந்து ஒரே ஒரு புகார் வரட்டும், பழைய முறைதான்" என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு மாதம் இன்று, வெள்ளிக்கிழமை முடிகிறது. புகாரே வரவில்லை. நேற்று வரை.

திங்களன்று பழைய சோதனைகளைத் தூசு தட்டியபோது, நான் விட்ட ஓட்டையை அக்கா அடைத்தாள்; வெளியே போய்க்கொண்டிருந்த செய்தி நின்றது. வியாழன் காலை உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. அக்காதான் எடுத்தாள்.

"ஏம்மா, மூணு நாளா மெசேஜ் வரலையே?"

"எந்த ஸ்கூல் சார்? குழந்தை பேரு சொல்லுங்க."

"குழந்தையா? எனக்குக் கல்யாணமே ஆகலைம்மா. ஆனா மூணு வருஷமா என் பிள்ளை பஸ்ல வந்துக்கிட்டே இருக்கு. இன்னும் இறங்கலை."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

"அப்ப மெசேஜ் எதுக்கு சார் உங்களுக்கு?"

"நான் டெய்லர்மா. மெஷின்ல குனிஞ்சா நேரம் தெரியாது. அது வந்தாத்தான் எந்திரிச்சு முதுகை நிமிர்த்துவேன். மூணு நாளா முதுகு பிடிச்சுக்கிச்சு."

"அலாரம் வெச்சுக்கலாமே?"

"அலாரத்தை அமுக்கிட்டுத் தைப்பேன். பிள்ளை வருதுன்னா எந்திரிக்கணும்ல?"

அதோடு வைத்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. அவர் வைக்கவில்லை. "முன்னாடியும் பதினோரு நாள் வரலைம்மா. அளவு நோட்டுல குறிச்சிருக்கேன்" என்றார்.

மதிய இடைவேளையில் அக்கா கடைக்கே போனாள். தோள், கை, இடுப்பு அளவுகளுக்கு நடுவே பதினோரு தேதிகள். எல்லாம் பழைய முறைக் காலத்தவை. அலுவலகப் பதிவில் அந்தப் பதினோரு நாளும் என் சோதனை 'வெற்றி' என்று பச்சை காட்டியிருந்தது. செய்தியை அனுப்பினோமா என்று மட்டும்தான் அது பார்த்தது. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வைக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எத்தனை பெற்றோர் செய்திக்குக் காத்திருந்தார்களோ.

4.

முடிவு (அ): அக்கா புகாரைத் திங்கட்கிழமை பதிகிறாள். குழு தப்பிக்கிறது.

இது என் யோசனை. "அவர் நம்ம வாடிக்கையாளரே இல்லையேக்கா. நாலு நாள் தள்ளிப் போட்டா யாருக்குத் தெரியும்?"

"நீயும் இப்படித்தான் யாருக்குத் தெரியும்னு ஒரு நம்பரைப் போட்ட."

"பழைய முறை வந்தா மறுபடி ராத்திரி முழிக்கணும். எட்டு பேரு."

"தெரியும்டா. நானும் வேலையை விட்டுட்டு உன் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன். கொஞ்சம் தள்ளி உக்காரு." சொல்லிக்கொண்டே மடிக்கணினியில் புகாரைப் பதிந்துவிட்டாள்.

முடிவு (ஆ): அரையாண்டு கண் கலங்கி, மனம் மாறி,

வேண்டாம். அவரிடம் நான் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

"முடிவை நீயா இட்டுக்கட்டாத, சோதனை மாதிரி எழுது" என்று சொல்லிவிட்டு இன்று காலை கிளம்பினாள். எழுதுகிறேன்.

5.

செய்வது: பிற்பகல் மூன்றரைக் கூட்டத்தில் அக்கா ஒரு தாளை அரையாண்டின் முன் வைப்பது. முதல் வரி: 'வெளியிலிருந்து புகார், ஒன்று.' இரண்டாம் வரி: 'பழைய முறையில் யாருக்கும் தெரியாமல் போன தவறுகள், பதினொன்று.'

எதிர்பார்ப்பது: அவர் இரண்டாம் வரி வரை படிப்பார்.

நடந்தது:

இந்தக் கட்டத்தை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். நான் ஒளிக்கவில்லை, கூட்டம் இன்னும் முடியவில்லை. முடியும்வரை காத்திருந்து எழுதவும் நேரமில்லை. மணி மூன்று ஐம்பது. "நீதானே அந்த நம்பரைப் போட்ட? இனிமே தினம் நீயே அனுப்பு" என்பது அக்காவின் உத்தரவு. வேலையை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த முதல் பகல் வேலை.

அனுப்பினேன்: 'உங்கள் பிள்ளையின் பேருந்து ஐந்து நிமிடத்தில் வரும்.'

அனுப்பிவிட்டு, மூன்று வருடம் முன்பு செய்யாததைச் செய்தேன். கைப்பேசியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதில் வந்தது: 'எந்திரிச்சிட்டேன்.'