மிதிக்காதீர் என்று ஒரு பலகை

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் எதிரில் நிற்கிறவன் பேசுவது காதில் விழாத அளவுக்குத் தெருவில் தறிச்சத்தம். அமாவாசைக்கு மட்டும் ஊடு நூல் ஓட்டுகிற நாடா படுத்திருக்கும், தறிக்குழிக்குள் மிதிகட்டை சும்மா கிடக்கும். மரத்துக்கும் கயிற்றுக்கும் மாதத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று எந்தக் காலத்திலோ புத்தியுள்ளவன் ஒருவன் வைத்துவிட்டுப் போன வழக்கம். மரத்துக்குச் சொன்னான். வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து என்று சொல்ல மறந்துவிட்டான் போலிருக்கிறது.

அன்று பங்குனி அமாவாசை. ஸ்வர்ணலதா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் அடிவயிறுமாக அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். கர்ப்பப்பையை எடுத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, தறி மிதிக்கக் கூடாது, ஓய்வில் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் அவள் புருஷன் சந்திரமோகன். தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

மாமனாருக்கு அமாவாசைப் படையலை விடியலிலேயே போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்திருந்தாள். படைக்க வேண்டிய மகன் வீட்டில் இல்லை. படவேட்டுப் பக்கம் மண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

சந்திரமோகன் நல்ல நெசவுக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, அப்பா விட்டுப்போன ஒரு காணி நிலத்துக்கு உயிர் கொடுக்கப்போகிறேன் என்று கிளம்பினான். யூரியா கொட்டிக் கொட்டிச் செத்துப்போயிருந்த மண் அது. பொய் சொல்லக் கூடாது, உயிர் கொடுத்தும் விட்டான். இன்றைக்கு மண்வெட்டி போட்டால் மண்புழு நெளிகிறது. ஆனால் வீட்டிலிருந்த இரண்டு தறியில் தன்னுடையதைத் துணி போட்டு மூடிவிட்டான். இன்னொன்று ஸ்வர்ணலதாவின் தலையில். தறி அவள், சமையல் அவள், பன்னிரண்டாவது படிக்கும் மகள் சுபலட்சுமி அவள் பொறுப்பு. சாணியும் கோமியமும் சேர்த்துக் கரைக்கிற ஜீவாமிர்த உரத்துக்கு வெல்லம் இடித்துக் கட்டி அனுப்புவதும் அவள்தான். தையல் காயும் முன்பே மறுபடி தறிக்குழியில் இறங்கிவிட்டாள். இறங்காவிட்டால் அடுப்பு எரியாது.

ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று எவன் வந்து சொன்னாலும் முதலில் அவன் பெண்டாட்டியின் கையைப் பார்க்கவேண்டும். அப்புறம்தான் அவனை நம்பலாமா என்று யோசிக்கவேண்டும்.

போன் அடித்தது. சந்திரமோகன்தான்.

"இன்னா லதா, கெளம்பிட்டியா இல்லியா? மெட்ராஸ்லேர்ந்து வேன் வந்துகினு கீது. முப்பது பேரு."

"முடியலங்க. காலையிலேர்ந்து அடிவயிறு இழுத்துப் புடிக்குது. ஓட்டல்ல சொல்லிடுங்களேன்."

"ஓட்டல்லயா? 'இல்லத்தரசியின் கைப்பக்குவத்தில் பாரம்பரிய உணவு'ன்னு இளஞ்செழியன் சாரு வாட்ஸப்ல போட்டுட்டாரு. எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்காத. இன்னிக்கு அமாவாச. தறி இல்ல. வீட்ல சும்மாத்தானே குந்திகினு இருக்கே?"

இளஞ்செழியன் என்பவர் சென்னையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து பண்ணை காட்டுகிறவர். எந்த நாள் வசதி என்று அவர் கேட்டபோது சந்திரமோகன் யோசிக்காமல் சொன்ன பதில் அமாவாசை. தறி நிற்கிற நாள், பெண்டாட்டி சும்மா இருப்பாள், சமைப்பாள். அவளுக்கு மாதத்தில் இருந்தது ஒரே ஒரு நாள். அதையும் தூக்கி வேனில் வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டான்.

"சுபாவயும் இட்டுகினு வா. பரிமாற ஆள் வோணும்."

"நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்ச."

"ஒரு நாள்ல இன்னா ஆயிடும்?"

"அவ வரமாட்டா" என்று போனை வைத்தாள்.

புத்தகத்தை மூடிவிட்டு வந்து நின்ற மகள் சொன்னாள்: "நீ போவாதம்மா. நான் போயி ஆக்கிப் போட்டுட்டு வந்துடறேன்."

"நீ போயி படி. ரெண்டு பேருல ஒருத்தியாவது உருப்படணும்."

பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவளை அடுத்த வீட்டு அபிதகுசாம்பாள் மறித்தாள். அவளும் தறிக்காரி, புருஷன் செத்து பல வருஷம் ஆகிறது. அவள் வாய்க்குப் பயந்து நூல் முதலாளியே கூலியை ஒழுங்காகக் கொடுப்பான்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"படவேட்டுக்கு, அக்கா."

"வயித்த அறுத்தது ஆறல, படவேடு போறாளாம். இன்னா, ரேணுகாம்பா கோயில்ல மொட்ட போடப் போறியா?"

"முப்பது பேருக்கு சோறாக்கணும்."

"உன் புருஷனுக்குக் கை கெடையாதா? பட்டுல மயில் போட்ட கைதானே அது? கரண்டி புடிச்சா மயிலு பறந்து பூடுமா?"

அபிதகுசாம்பாள் திட்டிக்கொண்டே தன் வீட்டைப் பூட்டினாள், கனமான பையைப் பிடுங்கிக்கொண்டாள், கூடவே பஸ் ஏறினாள். அந்தப் பக்கம் போகிற பஸ் கொஞ்சம். கிடைத்ததில் நின்றுகொண்டேதான் போனார்கள். குண்டு குழியில் பஸ் குதித்தபோதெல்லாம் ஸ்வர்ணலதா பல்லைக் கடித்தாள்.

கழனியைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். புங்கமரம் முழுக்கப் புதுத்துளிர், வேம்பு பூத்துக் கொட்டியிருந்தது. மரத்தடியில் சென்னைக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சமைக்கும் இடம் எதிர்ப்பக்கம், மோட்டார் கொட்டகை ஓரம். இரண்டுக்கும் நடுவில் வைக்கோல் பரப்பி மூடிய அரைக்காணி நிலம். அதன் தலைமாட்டில் ஒரு பலகை. பச்சைப் பெயின்ட்டில் சந்திரமோகன் தன் கையாலேயே எழுதியது: இந்நிலம் ஓய்வில் உள்ளது. மிதிக்காதீர்.

தலையில் துண்டு கட்டி, கையில் மைக் பிடித்து அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"மண்ணுக்கும் ஒடம்பு இருக்கு சார். நம்ம பேராசைக்கு அத வேலை வாங்கிகினே இருந்தா செத்துப் பூடும். தை அறுப்பு முடிஞ்சதும் இந்த அரைக்காணிய விட்டுட்டேன். பலதானியம் வெதச்சி, மடக்கி உழுது, வைக்கோல் மூடாக்கு போட்டுட்டேன். ஆடி வரைக்கும் இதுக்கு ஒரு வேலையும் கெடையாது. நான்கூட கால் வெக்கமாட்டேன்."

கை தட்டினார்கள்.

"இது எங்க கௌரி. சினை மாடு. கறவைய நிறுத்திட்டோம். வாயில்லா ஜீவன், நாமதான் பாத்துப் புரிஞ்சிக்கணும்."

மறுபடி கை தட்டினார்கள். வாயுள்ள ஜீவன் ஒன்று அந்தப் பக்கம் தண்ணீர்க்குடம் தூக்கிக்கொண்டிருந்தது. அதை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

சோறு வெந்தது. அபிதகுசாம்பாள் குழம்பு அடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். "வாம்மா, ஜல்தி, ஜல்தி, எல்லாம் பசியா கீறாங்க" என்று சந்திரமோகன் மைக்கிலேயே கூப்பிட்டான். சோற்று அண்டாவைத் தூக்க ஆள் வரும் என்று ஸ்வர்ணலதா பார்த்தாள். வரவில்லை. தானே தூக்கினாள். வரப்பில் சுற்றிப்போனால் தூரம். வயிற்றுக்குள் ஏதோ பிய்கிற மாதிரி இருந்தது. குறுக்கே போனால் சீக்கிரம் இறக்கிவிடலாம் என்று வைக்கோல்மேல் கால் வைத்தாள்.

"ஏ! ஏ! லதா! கண்ணு பூடுச்சா உனக்கு?" மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. மலையடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். "போர்டு தெரியல? பொத்திப் பொத்தி வெச்சிகினு கீறேன், ஒரே மிதில கெடுத்துட்டியே!"

ஸ்வர்ணலதா நின்றாள். நிலத்தின் நட்டநடுவில். அண்டாவை மெதுவாக இறக்கினாள். பிறகு அந்த வைக்கோல்மேல் உட்கார்ந்தாள்.

"போர்டு நல்லாத் தெரியுதுங்க. ஓய்வுன்னு எழுதியிருக்கு. அதான் வந்தேன்."

"இன்னா ஒளர்ற? எழுந்திரு. எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எனக்கும் மூணு மாசம் ஓய்வுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வீட்ல தேடினேன், கெடைக்கல. தறிக்குழில தேடினேன், அங்கயும் இல்ல. அமாவாசைக்காவது கெடைக்கும்னு பாத்தா, அன்னிக்குத்தான் உங்களுக்கு வேன் வருது. தறிக்கு லீவு. மண்ணுக்கு லீவு. கௌரிக்கு லீவு. ஓய்வுன்னு போர்டு போட்டு நான் பாத்த எடம் இது ஒண்ணுதான். இங்கயே குந்திக்கறேன், உடுங்க."

வந்தவர்களில் ஒருவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அப்போது ஒரு பெண்மணி கத்தினாள். ஸ்வர்ணலதா உட்கார்ந்திருந்த இடத்தில் வைக்கோல் சிவந்துகொண்டிருந்தது.

அபிதகுசாம்பாள் கரண்டியோடு ஓடிவந்தாள். "போனக் கீழ போடுங்கடா! பொம்பள ரத்தம் போயிகினு கீறா, இதுல இன்னாடா படம்? வண்டிய எடுங்க!" வேனில் ஸ்வர்ணலதாவைப் படுக்கவைத்தார்கள். சந்திரமோகனும் ஏறியபிறகு அபிதகுசாம்பாள் மட்டும் திரும்பிப் போனாள். அந்தப் பலகையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். அதையும் வேனுக்குள் போட்டுக்கொண்டு ஏறினாள்.

ஆரணி ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே சுவரில் பலகையைச் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் அபிதகுசாம்பாள் உட்கார்ந்தாள். சேதி கேட்டு சுபலட்சுமி கணக்குப் புத்தகத்தோடு ஓடிவந்தாள். அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"நீங்க கெளம்புங்கப்பா. வந்தவங்க எல்லாம் சாப்டாம இருப்பாங்க."

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். "உள்தையல் விட்டுடுச்சு. மறுபடி போட்டிருக்கேன். கொஞ்சம் தாமதமா வந்திருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது. மூணு மாசம்னு உங்ககிட்டதானே சொன்னேன்? அவங்க என்ன வேலை செஞ்சாங்க?"

"வேலைன்னு ஒண்ணும் இல்லீங்க மேடம். வீட்ல சும்மா..."

அந்தச் சொல் பாதியில் நின்றது.

"சொல்லு, சந்திரா" என்றாள் அபிதகுசாம்பாள். "ஏன் நின்னுட்ட? சும்மா தறி நெய்ஞ்சா. சும்மா தண்ணி தூக்கினா. சும்மா முப்பது பேருக்குச் சோறாக்கினா. சும்மா ரத்தத்துல கெடக்கறா. மைக் இல்லாம பேச வரலியா உனக்கு?"

டாக்டரம்மா சுவரோரம் பார்த்தாள். "இது என்ன போர்டு?"

"இவன் கையால எழுதினதுதாம்மா. எழுதத் தெரியுது, படிக்கத் தெரியல. உள்ள அவ கட்டில்கிட்ட வெக்கலாமா?"

டாக்டரம்மா ஒரு கணம் அதைப் படித்தாள். "வையுங்க" என்றாள்.

மறுநாள் சுபலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்தே பரீட்சைக்குப் போனாள். ஸ்வர்ணலதா வீட்டுக்கு வந்தபோது பலகையும் வந்தது. கட்டில் காலில் புடவைக் கிழிசலால் மகள் அதை இறுக்கிக் கட்டினாள். சந்திரமோகன் தன் தறியின்மேல் கிடந்த துணியை எடுத்தான். இரண்டு வருஷத் தூசி. கால் மிதிகட்டையை மறந்திருந்தது. இரண்டு நாள் இழை அறுந்து அறுந்து போயிற்று. காலையில் தறி, மத்தியானம் உலை, வெயில் தாழ்ந்தபிறகு கழனி. ஒரே வாரத்தில் கண் உள்ளே போய்விட்டது. போகட்டும். அவள் இரண்டு வருஷம் செய்தது அது.

சித்திரை அமாவாசைக்கு முந்தின நாள் இளஞ்செழியன் போன் செய்தார். சந்திரமோகன் அடுப்படியில் இருந்தான், சோறு அடிப்பிடித்த வாசனை தெருவரைக்கும் வந்தது.

"நாளைக்கு நாற்பது பேர் வர்றோம் சந்திரமோகன். அம்மா சமையல் உண்டுதானே?"

அவன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். "கழனியப் பாக்க வாங்க சார், தாராளமா வாங்க. அமாவாசைல வோணாம், வேற நாள்ல. சோறு கட்டிகினு வந்துடுங்க. எங்க வீட்ல ஓய்வு."

இந்த ஒரு பேச்சை வைத்து அவன் திருந்திவிட்டான் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஒரு அமாவாசையைப் பார்த்து ஆளை நம்பக் கூடாது. பன்னிரண்டு அமாவாசை போகட்டும், பார்க்கலாம்.

போனை வைத்தவன் கட்டில் பக்கம் வந்து தலையைச் சொறிந்தான். "லதா, அந்த போர்ட கழனிக்கு எடுத்துகினு போவட்டுமா? அங்க ஆளுங்க மிதிச்சிட்டுப் போறாங்களாம்."

"அங்க வேற எழுதி வெச்சிக்கங்க. மண்ணுக்கு வாயில்ல, அதுக்கு போர்டு வோணும். நான் வாயால சொன்னேன், வயித்தப் புடிச்சிகினு சொன்னேன். எனக்கும் போர்டு போட்டாத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "கழனியத் திருத்துங்க, வோணாங்கல. ஆனா கூட இருக்கறவ ஒடம்ப மிதிச்சிகினு போயி எந்த மண்ணையும் காப்பாத்த முடியாதுங்க. போங்க, சோறு தீயுது."